காரணிகளைக் கூட்டினால் என்ன கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் எண்ணின் காரணிகளில் சிலவற்றை மட்டும் எடுத்து, எதையும் இரண்டாவது முறை எடுக்காமல் கூட்டினால் என்னென்ன எண்கள் வரும்? இந்த ஒரு கேள்வியிலிருந்து பல தொடர்வரிசைகள் பிறந்திருக்கின்றன. இவற்றைப் படிக்கும் மாணவர்களும், நிரல் எழுதிப் பார்க்கும் நண்பர்களும் ஒரே மாதிரியான சந்தேகங்களையே திரும்பத் திரும்பக் கேட்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே நிற்கின்றன. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

"வெவ்வேறு காரணிகளின் கூட்டுத்தொகை" என்றால் சரியாக என்ன அர்த்தம்?

12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. இவற்றிலிருந்து 9 வேண்டுமென்றால் 6+3 என்று எடுக்கலாம், 4+3+2 என்றும் எடுக்கலாம். 3+3+3 கூடாது, ஏனென்றால் 3 ஒரு தடவைதான் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் 28. நிதானமாகப் போட்டுப் பார்த்தால் 1 முதல் 28 வரை ஒன்றுகூட விடாமல் எல்லா எண்களும் கிடைப்பது தெரியும்.

எல்லா எண்ணும் இப்படித் தாராளமாக இருப்பதில்லை. 10-இன் காரணிகள் 1, 2, 5, 10, மொத்தம் 18. இதில் 4 வராது, 9 வராது, 14 வராது. மற்ற 15 எண்களும் வரும். 12-க்கு ஏன் எல்லாம் வருகிறது, 10-க்கு ஏன் நடுவில் ஓட்டை விழுகிறது என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் ஓடும் விஷயம்.

எண்ணையே அதன் காரணியாகச் சேர்க்கணுமா, வேண்டாமா?

கேள்வியைப் பொறுத்தது. "இந்த எண் தன் காரணிகளின் கூட்டுத்தொகையாக வருமா?" என்று கேட்கும்போது அந்த எண்ணையே சேர்த்துக்கொண்டால் கேள்விக்கே பொருளில்லை. அங்கே எண்ணை விட்டுவிட்டு மற்ற காரணிகளை மட்டும் எடுப்போம். அவற்றைத் தகு காரணிகள் என்கிறேன். "எந்தெந்த எண்களை எட்ட முடியும்?" என்று கேட்கும்போது எண்ணையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். தொடர்வரிசைக் கலைக்களஞ்சியத்தில் (எண் தொடர்வரிசைகளைத் தொகுத்துவைத்திருக்கும் இணையதளம், OEIS; அதில் ஒவ்வொன்றுக்கும் 'ஏ' என்று தொடங்கும் ஒரு குறியெண் உண்டு) ஒரு பட்டியலைப் பார்த்து "என் விடையைவிட ஒன்று கூடுதலாக இருக்கிறதே" என்று குழம்புபவர்களில் பாதிப் பேருக்குச் சிக்கல் இங்கேதான்.

நிறைவெண், மிகையெண், அரைநிறைவெண்... தலை சுத்துது. என்ன வித்தியாசம்?

தகு காரணிகள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். எண்ணுக்குச் சமமாக வந்தால் அது நிறைவெண்: 6, 28, 496, 8128. எண்ணைத் தாண்டினால் மிகையெண். எட்டாமல் போனால் குறைவெண். இந்த மூன்றும் "எல்லாவற்றையும்" கூட்டுவதைப் பற்றியவை.

அரைநிறைவெண் "சிலவற்றை" கூட்டுவதைப் பற்றியது. தகு காரணிகளில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ எடுத்து அந்த எண்ணையே கொண்டுவர முடிந்தால் அது அரைநிறைவெண். 12 = 6+4+2, 20 = 10+5+4+1. தொடர்வரிசை 6, 12, 18, 20, 24, 28, 30, 36, 40, 42 என்று போகும் (கலைக்களஞ்சியத்தில் ஏ005835). நிறைவெண்கள் எல்லாமே இதில் அடக்கம். குறைவெண்ணுக்கு இங்கே வேலையே இல்லை, மொத்தமே எட்டாதபோது பகுதி எப்படி எட்டும்?

24-ஐ எத்தனை வழியில் எழுதலாம்? எழுதிக்கொண்டே போனால் ஏதாவது விட்டுப்போகிறது.

கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துப் பாருங்கள். இந்தத் துறையில் ஒரே ஒரு உத்தியைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்லித்தருவேன். 24-இன் தகு காரணிகள் 1, 2, 3, 4, 6, 8, 12, மொத்தம் 36. 24 வேண்டுமென்றால் 12 அளவுக்கு எதையாவது எடுத்துப்போட வேண்டும். அந்த 12-ஐ உபரி என்று வைத்துக்கொள்வோம்.

12-ஐ எடுக்கும் வழிகள்: 12 தனியாக, 8+4, 8+3+1, 6+4+2, 6+3+2+1. அவ்வளவுதான், ஐந்து வழி. ஒவ்வொன்றையும் நீக்கினால் மிஞ்சுவது 24. "24 = 24" என்பதையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுத்தால் ஆறு; ஏ033630 என்ற தொடர்வரிசையில் 24-க்கு நேராக 6 இருப்பது அதனால்தான். இதே முறையில் 20-க்கு மொத்தம் 22, உபரி 2, எடுக்கக்கூடியது 2 மட்டும். ஆகவே ஒரே ஒரு வழி.

இதெல்லாம் சரி, எங்காவது பயன்படுமா?

மிகப் பழைய பயன் ஒன்று உண்டு. பின்னங்களை, தொகுதி 1 ஆக உள்ள வெவ்வேறு பின்னங்களின் கூட்டலாக எழுதுவது எகிப்தியர் வழக்கம். 13/20 என்பதை அப்படி எழுத வேண்டுமா? 13-ஐ 20-இன் காரணிகளால் எழுதுங்கள்: 10+2+1. ஒவ்வொன்றையும் 20-ஆல் வகுத்தால் 1/2 + 1/10 + 1/20. முடிந்தது. 12 = 6+4+2 என்பதும் இதே வழியில் 1 = 1/2 + 1/3 + 1/6 ஆகிவிடும்.

1202-இல் ஃபிபோனாச்சி தன் நூலில் இத்தகைய பின்னங்களுக்கு அட்டவணை தந்தபோது, அடுத்த கேள்வியில் வரும் வகை எண்களையே பகுதிகளாக எடுத்தார். அந்த எண்களுக்குத் தனிப் பெயர் அப்போது இல்லை.

நடைமுறை எண் என்றால் என்ன? யார் வைத்த பெயர்?

ஓர் எண்ணைவிடச் சிறிய எல்லா முழு எண்களையும் அதன் வெவ்வேறு காரணிகளின் கூட்டலாக எழுத முடிந்தால் அது நடைமுறை எண். 1, 2, 4, 6, 8, 12, 16, 18, 20, 24, 28, 30, 32, 36, 40 என்று தொடங்கும் (ஏ005153). 10 இதில் இல்லை, 4 வரவில்லை என்று மேலே பார்த்தோமே.

பெயரை வைத்தவர் ஏ. கே. ஸ்ரீனிவாசன். 1948-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்த சிறு கட்டுரையில் இவற்றை அறிமுகப்படுத்தினார். பழைய நாணய, எடை, அளவை முறைகளில் 4, 12, 16, 20, 28 போன்ற எண்கள் வருவதைச் சுட்டிக்காட்டித்தான் அவர் தொடங்கினார். பத்தின் அடுக்குகளோடு ஒப்பிட்டு வசதியில்லாதவை என்று ஒதுக்கப்பட்ட இந்த எண்களின் காரணிகளைக் கொண்டே குறைந்த அளவுகள் எல்லாவற்றையும் அமைத்துவிடலாம். இரண்டு பக்கத்தில் இவ்வளவு வளமான ஒரு வரையறையைத் தந்தது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

ஒரு பெரிய எண் நடைமுறை எண்ணா என்று பார்க்க எல்லாக் கூட்டலையும் போட்டுப் பார்க்கணுமா?

வேண்டியதே இல்லை. 1954-இல் ஸ்டூவர்ட்டும் 1955-இல் சியர்பின்ஸ்கியும் அழகான சோதனை ஒன்றைக் கண்டார்கள். எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். முதலாவது 2 ஆக இருக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு புதிய பகா எண் வரும்போதும், அதற்கு முன்பு வரை பெருக்கிய பகுதியின் காரணிகள் மொத்தத்தைப் பாருங்கள். புதிய பகா எண் அந்த மொத்தத்தைவிட ஒன்றுக்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது.

78 = 2×3×13. 6-இன் காரணிகள் மொத்தம் 12. 13 அதைவிடச் சரியாக ஒன்று கூடுதல். விளிம்பில் நின்று தேறிவிட்டது. 102 = 2×3×17. 17 அதிகம், தேறவில்லை. 102-இன் காரணிகள் 1, 2, 3, 6 என்று வந்து அடுத்தது 17-க்குத் தாவுகிறது. முதல் நான்கையும் சேர்த்தாலும் 12தான். ஆகவே 13-ஐ எட்ட வழியே இல்லை. எவ்வளவு பெரிய பகா எண் பின்னால் வந்து ஒட்டினாலும் இந்த ஓட்டை அடையாது.

தேறினால் ஏன் போதும்? ஒரு நடைமுறை எண்ணின் காரணிகளால் 0 முதல் 12 வரை எல்லாம் வருகிறது என்று வையுங்கள். 13-ஆல் பெருக்கினால் பழைய காரணிகளோடு அவற்றின் 13 மடங்குகளும் சேரும். மடங்குகளால் 0, 13, 26, 39 என்று நிற்கலாம். ஒவ்வொரு நிலையிலிருந்தும் பழைய காரணிகளால் 12 அடி முன்னால் போகலாம். இடைவெளி எங்கும் இல்லை. 17 என்றால் 12-க்கும் 17-க்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும்.

சில இடங்களில் "எண் வரைக்கும்" என்று வரையறுக்கிறார்கள், சில இடங்களில் "காரணிகள் மொத்தம் வரைக்கும்" என்கிறார்கள். எது சரி?

இரண்டும் ஒன்றேதான். எண் வரைக்கும் எல்லாம் வருகிறது என்றால், எந்தக் காரணியை எடுத்தாலும் அதைவிட ஒன்று குறைந்த எண்ணும் வர வேண்டும். அதை அமைக்க அந்தக் காரணியைவிடச் சிறியவற்றை மட்டுமே பயன்படுத்த முடியும். ஆகவே ஒவ்வொரு காரணியும், தனக்கு முந்தைய காரணிகளின் மொத்தத்தைவிட அதிகபட்சம் ஒன்றே கூடுதல். இந்த ஏணி இருந்தால், ஒவ்வொரு காரணியாகச் சேர்க்கச் சேர்க்க எட்டும் எல்லை தடையில்லாமல் நீண்டுகொண்டே போய் மொத்தத்தைத் தொடும். 12-க்கு 28 வரை எல்லாம் வந்ததன் காரணம் இதுதான்.

ஒற்றை எண் ஏதாவது நடைமுறை எண்ணாக இருக்குமா?

1 மட்டும்தான். மற்ற ஒற்றை எண்களுக்கு 2 கிடைக்காது. இதே போக்கில் இன்னொன்றும் சொல்லலாம்: 2-க்கு மேற்பட்ட நடைமுறை எண் எதுவும் 4-ஆலோ 6-ஆலோ வகுபடும்.

2-இன் அடுக்குகள் எல்லாம் நடைமுறை எண்கள். 1, 2, 4, 8 என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையவற்றின் மொத்தத்தைவிடச் சரியாக ஒன்று கூடுதல். அதனால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு வழிதான் இருக்கும். கணினியின் இரும முறையே அதுதான். 2-இன் அடுக்குகளைத் தவிர்த்த மற்ற நடைமுறை எண்கள் எல்லாமே அரைநிறைவெண்களும்கூட.

அரைநிறைவெண்ணின் மடங்கும் அரைநிறைவெண்ணா?

ஆமாம். 6 = 3+2+1 என்றால் 102 = 51+34+17; எல்லாவற்றையும் 17-ஆல் பெருக்கிவிட்டோம், அவ்வளவே. ஆகவே 6-இன் மடங்கு அத்தனையும் அரைநிறைவெண். 102 நடைமுறை எண் இல்லாவிட்டாலும் இதில் தேறிவிடுவதைக் கவனியுங்கள்.

எந்தச் சிறிய அரைநிறைவெண்ணின் மடங்காகவும் இல்லாமல் தாமாகவே நிற்பவை 6, 20, 28, 88, 104, 272 என்று போகின்றன.

மிகையெண் என்றால் உபரி இருக்கிறதே, அதை நீக்கினால் போதாதா? எல்லா மிகையெண்ணும் அரைநிறைவெண்தானே?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், நினைப்பதில் நியாயமும் உண்டு. 70 அந்த எண்ணத்தை உடைக்கிறது. அதன் தகு காரணிகள் 1, 2, 5, 7, 10, 14, 35, மொத்தம் 74. உபரி 4. நீக்க வேண்டியது வெறும் 4தான், ஆனால் கையில் இருப்பது 1, 2, அப்புறம் 5. ஒன்றையும் இரண்டையும் சேர்த்தால் 3, 5 அதிகம். வழியில்லை. மிகையெண்ணாக இருந்தும் அரைநிறைவெண் ஆகாத இந்த வகைக்கு விந்தை எண் என்று பெயர். 1972-இல் பென்கோஸ்கி இவற்றைப் பற்றி எழுதினார்.

70-க்குப் பிறகு 836, 4030, 5830, 7192, 7912, 9272. பத்தாயிரத்துக்குள் மொத்தமே ஏழு (ஏ006037). 836-இன் தகு காரணிகள் மொத்தம் 844, உபரி 8. சிறிய காரணிகள் 1, 2, 4 சேர்ந்து 7, அடுத்தது 11. 7192-இல் உபரி 16, 1, 2, 4, 8 சேர்ந்து 15, அடுத்தது 29. ஒன்றே ஒன்று குறைகிறது! 4030, 5830 இரண்டிலும் உபரி 70-ஐப் போலவே 4. சிறிய காரணிகளும் அதே 1, 2, 5. பெரிய காரணிகள் எத்தனை இருந்தாலும் கதை முடிவது வரிசையின் ஆரம்பத்தில் இருக்கும் சின்னக் காரணிகளுக்கு நடுவில்தான்.

விந்தை எண்ணின் மடங்கும் விந்தையாக இருக்குமா?

பொதுவாக இல்லை. 140-ஐப் பாருங்கள்: தகு காரணிகள் மொத்தம் 196, உபரி 56. 35+14+7 = 56, நீக்கிவிடலாம். அரைநிறைவெண் ஆகிவிட்டது.

ஆனால் பெருக்கும் எண், விந்தை எண்ணின் காரணிகள் மொத்தத்தைவிடப் பெரிய பகா எண்ணாக இருந்தால் விந்தை அப்படியே தொடரும். 70-இன் காரணிகள் மொத்தம் (70-ஐயும் சேர்த்து) 144. அதற்கு மேல் வரும் முதல் பகா எண் 149. 70×149 = 10430. இதன் தகு காரணிகள் இரண்டு வகை: 70-இன் காரணிகள், 70-இன் தகு காரணிகளின் 149 மடங்குகள். 10430-ஐ அமைக்க வேண்டுமென்றால் முதல் வகையிலிருந்து எடுத்ததன் கூட்டுத்தொகை 149-ஆல் வகுபட வேண்டும். அது 144-ஐத் தாண்ட முடியாது, ஆகவே பூச்சியம்தான். அப்படியானால் இரண்டாம் வகையை மட்டும் வைத்து, 70-ஐ அதன் தகு காரணிகளால் அமைத்தாக வேண்டும். அது முடியாது என்று முந்தைய பதிலிலேயே பார்த்துவிட்டோம். 151, 157, 163 என்று போய்க்கொண்டே இருக்கலாம்: 10570, 10990, 11410. விந்தை எண்களுக்கு முடிவில்லை என்பது இதிலேயே வந்துவிடுகிறது.

சும்கெல்லர் எண் என்பதும் இதுதானா? 70 அதில் இருக்கிறதே!

அது வேறு. ஓர் எண்ணின் காரணிகள் எல்லாவற்றையும், எண்ணையும் சேர்த்து, சம கூட்டுத்தொகை உள்ள இரண்டு குழுக்களாகப் பிரிக்க முடிந்தால் அது சும்கெல்லர் எண் (ஏ083207). 12-க்கு 12+2 ஒரு பக்கம், 6+4+3+1 மறுபக்கம், இரண்டும் 14. 70-க்கு 70+2 = 72; 35+14+10+7+5+1 = 72. விந்தை எண்ணாக இருந்தும் இதில் தேறுகிறது. காரணம் எளிது: அரைநிறைவெண்ணுக்கு உபரி 4 முழுவதையும் நீக்க வேண்டும். இங்கே உபரியில் பாதி, அதாவது 2-ஐ மறுபக்கம் தள்ளினால் போதும்.

எதிர்த்திசையிலும் அப்படியே. 18 அரைநிறைவெண் (9+6+3), ஆனால் காரணிகள் மொத்தம் 39. ஒற்றை எண்ணைச் சம பாதியாக்க முடியாது.

அப்போ மிகையெண்ணாக இருந்து, மொத்தம் இரட்டை எண்ணாகவும் இருந்தால் சும்கெல்லர் எண்தானே?

சிறிய எண்களில் சோதித்தால் அப்படித்தான் தோன்றும். 738 வரை காத்திருக்க வேண்டும். 738 = 2×9×41; காரணிகள் 1, 2, 3, 6, 9, 18, 41, 82, 123, 246, 369, 738. மொத்தம் 1638, பாதி 819. எந்தக் குழுவில் 738 இருக்கிறதோ அந்தக் குழுவுக்கு இன்னும் 81 வேண்டும். 81-க்கு மேற்படாத காரணிகள் 1, 2, 3, 6, 9, 18, 41. எல்லாவற்றையும் சேர்த்தால் 80. மறுபடியும் ஒன்று குறைகிறது. அடுத்த காரணி 82 என்பதால் அந்தப் பக்கமும் ஒன்று அதிகம். எனக்கு இந்தப் பட்டியல்களிலேயே மிகவும் பிடித்த எண் இது.

நடைமுறை எண்ணுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. அதன் மொத்தம் இரட்டை எண்ணாக இருந்தால், மொத்தம் வரை எல்லாம் எட்டும் என்பதால் பாதியும் எட்டும்.

நடைமுறை எண்களைப் பகா எண்களோடு ஏன் ஒப்பிடுகிறார்கள்? இரண்டும் எதிரெதிர் ஆச்சே.

காரணிகளே இல்லாததும் காரணிகள் நிறைந்ததும் எதிரெதிர்தான், ஆனாலும் பரவியிருக்கும் விதம் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோல இருக்கிறது. 100-க்குள் பகா எண்கள் 25, நடைமுறை எண்கள் 30. ஓர் எல்லைக்குள் இருக்கும் பகா எண்களின் எண்ணிக்கை, எல்லையை அதன் இயல் மடக்கையால் வகுத்தால் வருவதை நெருங்கும். நடைமுறை எண்களுக்கும் அதே சூத்திரம்தான், முன்னால் ஒரு மாறிலி மட்டும் கூடுதல். இதை வைன்கார்ட்னர் 2015-இல் நிறுவினார். அந்த மாறிலி சுமார் 1.336.

2-ஐவிடப் பெரிய இரட்டை எண் எல்லாம் இரண்டு பகா எண்களின் கூட்டல் என்ற கோல்ட்பாக் ஊகம் இன்னும் நிறுவப்படவில்லை. எல்லா இரட்டை எண்களும் இரண்டு நடைமுறை எண்களின் கூட்டல் என்பதை 1996-இல் மெல்ஃபி நிறுவிவிட்டார். 4, 6, 8 போலவும் 28, 30, 32 போலவும் இரண்டிரண்டு இடைவெளியில் மூன்று நடைமுறை எண்கள் வருவது முடிவின்றி நடக்கும் என்பதும் அதே கட்டுரையில் உண்டு.

நிரல் எழுதினேன், காரணிகள் முப்பதைத் தாண்டினால் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

உட்கணங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு காரணி கூடும்போதும் வேலை இரட்டிப்பாகும். அதற்குப் பதில் எட்டக்கூடிய எண்களை மட்டும் ஒரு நீண்ட பிட் வரிசையில் குறித்துவையுங்கள். முதலில் 0 மட்டும். ஒவ்வொரு காரணிக்கும், வரிசையை அந்தக் காரணி அளவுக்கு நகர்த்தி, பழைய வரிசையோடு 'அல்லது' போட்டு இணையுங்கள். 10-க்கு: 1-ஐச் சேர்த்ததும் 0, 1, 2-ஐச் சேர்த்ததும் 0 முதல் 3 வரை, 5-ஐச் சேர்த்ததும் 5 முதல் 8 வரையும் கூடும், 10-ஐச் சேர்த்ததும் 10 முதல் 13, 15 முதல் 18. விட்டுப்போனவை 4, 9, 14, முதல் பதிலில் பார்த்தவையே.

விந்தை எண் தேடுவதென்றால் இன்னும் சுலபம். உபரியைக் கணக்கிட்டு, அதைத் தாண்டாத காரணிகளை மட்டும் வைத்துப் பாருங்கள். 836-க்கு மூன்றே காரணிகள்தான் மிஞ்சும்.

ஒற்றை எண்ணாக ஒரு விந்தை எண் உண்டா?

இதற்கு யாருக்கும் விடை தெரியாது. ஒற்றை மிகையெண்களே அபூர்வம், முதலாவது 945. அதன் உபரி 30. 27+3-ஐ நீக்கினால் அரைநிறைவெண். அதுவே முதல் ஒற்றை அரைநிறைவெண்ணும். ஒற்றை விந்தை எண் ஒன்றைக் காட்டுபவருக்கு 10 டாலரும், அப்படி எதுவும் இல்லை என்று முதலில் நிறுவுபவருக்கு 25 டாலரும் தருவதாகப் பால் எர்டிஷ் அறிவித்தார். 1974-இல் அவரும் பென்கோஸ்கியும் சேர்ந்து, விந்தை எண்கள் இயல் எண்களுக்கிடையே பூச்சியமல்லாத விகிதத்தில் இருக்கின்றன என்று காட்டினார்கள். அவ்வளவு இருந்தும் ஒற்றை எண் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கணினித் தேடல் 10-இன் 21-ஆம் அடுக்கு வரை போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது.

கிடைக்காததற்குக் காரணமாக ஒன்றை ஊகிக்கலாம். ஒற்றை எண் மிகையெண்ணாக வேண்டுமென்றால் 3, 5, 7 போன்ற சிறிய பகா எண்கள் பல அதில் சேர வேண்டும். அவை சேரும்போது சின்னக் காரணிகள் நெருக்கமாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன, உபரியை நீக்க ஏதாவது ஒரு வழி கிடைத்துவிடுகிறது. ஆனால் இது நிரூபணம் ஆகாது. 70-இல் 4 விட்டுப்போனதுபோல எங்கோ ஒரு பெரிய ஒற்றை எண்ணிலும் ஓட்டை இருக்கக்கூடும் என்பதை இதுவரை யாரும் மறுத்துவிடவில்லை.